நல்லாங்குடி மாதிரி வனம்

ஆகஸ்ட் 11, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். முதுநிலைப் படிப்புக்கான நேர்காணலில், "உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வனம் இருக்கிறது?" என்று இயக்குநர் கேட்டார். ஒன்றும் இல்லை என்பதுதான் சரியான பதில். அவ்வளவு பெரிய மனிதர் கேட்கும்போது ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊருணிக்கரையில் மரங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. புதன்கிழமை முதல் வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டும்.

நல்லாங்குடிக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் இதை எழுதி முடித்த பாண்டித்துரை, எழுதியதை மறுபடி படித்தான். 'சிறு' என்ற சொல்லை அடித்தான். அடித்த பிறகு, தன் தவறைப் போய்ப் பெரிதாக நினைத்துக்கொள்கிறோமோ என்று கூச்சம் வந்து, திரும்ப எழுதினான். அவன் சுபாவம் அப்படி. ராமநாதபுரத்தில் ஒரு மர அறுவை மில்லில் பகலெல்லாம் பில் போடுகிறவன். கூட்டலைச் சரிபார்த்துவிட்டு, கால்குலேட்டரைச் சந்தேகப்படுகிறவன். தாவரவியலில் பட்டம் வாங்கியவனுக்கு மரத்தூள் வாசம்தான் கிடைத்தது என்று மில்லில் கிண்டல் செய்வார்கள். அதனால்தான் மாலை வகுப்பில் முதுநிலை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அன்றைக்கே விண்ணப்பித்தான்.

படிப்பின் பெயர் 'வனவியல் மற்றும் மரவழங்கல் மேலாண்மை'. நடத்துவது கடலோர வனவியல் உயர்கல்வி மையம். இந்த ஆண்டுதான் தொடங்குகிறது. பனையையும் சீமைக்கருவேலத்தையும் கழித்துவிட்டால் மொட்டை வெயில் மட்டுமே மிஞ்சும் ஒரு மாவட்டத்தில் வனவியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, இயக்குநர் முனைவர் தர்மசீலன் பதில் வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியை எங்கே கட்டுகிறோம்? நோயாளி இருக்கிற இடத்தில். வனம் இருக்கிற ஊரில் வனவியல் எதற்கய்யா? அங்கேதான் வனமே இருக்கிறதே!"

கேட்டவர்கள் யோசித்துவிட்டுக் கைதட்டினார்கள்.

மையத்துக்குச் சொந்தக் கட்டடம் வரும்வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆவணி மாதம் முகூர்த்தங்கள் அதிகம். வகுப்பு உண்டா இல்லையா என்பதை மாணவர்கள் வாசலில் வாழைமரம் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வாழைமரம் இருந்தால் விடுமுறை.

புதன்கிழமை வாழைமரம் இல்லை. தொடக்க விழா நடந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில் இயக்குநர் ஒரு பாதியில் அமர்ந்தார். மறுபாதி சிறப்பு விருந்தினருக்கு. அவர் வரவில்லை. அவருக்காக வாங்கிய மாலையை அந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்கள். விழா முடிகிறவரை இயக்குநர் அந்த மாலையைப் பார்த்து அவ்வப்போது தலையசைத்தார்.

மாணவர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்.

"மரத்தை என் உடன்பிறப்பாகக் கருதுவேன். அதன் வளர்ச்சியைக் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பேன். கேட்பவர் கேட்கும்போது, கேட்ட அளவில், தாமதமின்றி வழங்குவேன்."

கடைசி வாக்கியத்தில் பாண்டித்துரை விழித்தான். பக்கத்தில் நின்ற ஜெப்சி சத்தமாகச் சொன்னாள். தங்கச்சிமடத்துக்காரி, பகலில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள், அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு.

"ஏன் தொரை முழிக்கிற?" என்றாள். "கூடப்பொறந்தவன வெட்டிக் குடுக்கச் சொல்றாங்கன்னா? எங்க அண்ணனக் கேட்டா நான் ரெண்டு தவணையில குடுத்துருவேன்."

முதல் பாடம் விழா மேடையிலேயே தொடங்கியது. மரத்துக்கும் கட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று இயக்குநர் கேட்டார். பாண்டித்துரை எழுந்து, உயிர், வேர், இலை என்று இளங்கலையில் படித்ததையெல்லாம் சொன்னான். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் தாவரவியல் தம்பி. இது மேலாண்மை. எழுதிக்கொள்ளுங்கள். மரம் என்பது இன்னும் வழங்கப்படாத கட்டை."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பாண்டித்துரை உட்காராமல் நின்றான்.

"சார், நேர்காணல்ல நான் ஒன்னு தப்பாச் சொல்லிட்டேன். எங்க ஊர்ல இருக்கிறது வனம் இல்ல சார். ஊருணிக்கரையில கொஞ்சம் மரம். அவ்வளவுதான்."

இயக்குநர் சோபாவிலிருந்து எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது.

"அடக்கம்! எல்லா வனமும் இப்படி அடக்கத்தில்தான் தொடங்குகிறது. ஒரே ஒரு கேள்வி. அங்கே மரம் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு சார்."

"பிறகு அது என்ன, பாலைவனமா?"

விஷயம் இதுதான். அக்டோபரில் ஆய்வுக் குழு வரும். மாதிரி வனம் ஒன்று இருந்தால்தான் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும். நேர்காணலில் அதே கேள்விக்கு ஜெப்சி "கடல்தான் சார்" என்றிருக்கிறாள். கீழக்கரை பர்வேஸ் ஒளிவுமறைவில்லாமல், "எங்க தெருவுல பள்ளிவாசலும் ஏடிஎம்மும் இருக்கு சார்" என்றிருக்கிறான். உண்மையைச் சொன்ன எல்லோரும் தப்பித்தார்கள். பாண்டித்துரை அன்றைக்கே மாணவக் கண்காணிப்பாளர் ஆனான். அவனுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு இலை வடிவ வில்லை தந்தார்கள். ஊசி சட்டையைத் தாண்டிச் சதையில் பட்டது. விழா மேடை என்பதால் அவன் சிரித்தான்.

நல்லாங்குடி, பெரியபட்டினம் போகும் பாதையிலிருந்து விலகி, கடலுக்கும் கைவிடப்பட்ட உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர். போர் போட்டால் உப்புத் தண்ணீர். ஊருக்கே குடிநீர் ஒரு ஊருணிதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மறு ஐப்பசி வரைக்கும் குடிக்க வேண்டும். அதன் தெற்குக் கரைக்கு அந்தப் பக்கம் பழைய உப்பளம். அந்தக் கரை நிற்கிறவரைதான் உள்ளே நல்ல தண்ணீர். அது உடைந்தால் மழையில் கரைகிற உப்பெல்லாம் நேராக ஊருணிக்குள் இறங்கும். பிறகு ஒரு வருஷத்துக்கு மாடுகூட வாய் வைக்காது.

கரையைப் பிடித்துக்கொண்டிருந்தவை மரங்கள். ஊரில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வயல்வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைக்குத் தூளி கட்டும் தொட்டில் வேம்பு. இடிவிழுந்து ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் தழைத்து நின்ற பெரிய மருது. கரைக்குக் கீழே பாதையோரத்தில் தபால்காரன் புளி. எப்போதோ ஒரு தபால்காரர் அதன் நிழலில் தூங்கிவிட்டு, கடிதங்களை ஆடு தின்னக் கொடுத்துவிட்டுப் போனாராம். கரை மரங்களில் இரும்பு படக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அரிவாளோடு வருகிறவன் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கரை ஏறுவான். ஆட்டுக்குக் குழை வேண்டுமென்றாலும் கையால்தான் ஒடிக்க வேண்டும்.

ஊருணிக்குக் காவல் முருகலட்சுமி. பாண்டித்துரைக்கு மதினி முறை. வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் அளந்து ஊர் அவளை வைத்திருந்தது. செருப்புக் காலோடு கரை ஏறுகிறவனை அவள் திட்டுவது பக்கத்து ஊர் வரை கேட்கும்.

இயக்குநர் வேனில் மாணவர்களோடு வந்து இறங்கிய மாலையில் அவள் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தாள். "ஏய், யாருய்யா அது? செருப்பக் கழட்டு! குடிக்கிற தண்ணிக்கு மேல சப்பாத்தோட நிக்கிறவன் வீட்டுல குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

இயக்குநர் பூட்ஸைக் கழற்றினார். கண் கலங்கினார். "உயிருள்ள மரபு! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்." அடுத்த வாரம் முருகலட்சுமிக்கு மையத்தின் மாதச் சம்பளத்தோடு காக்கிச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் வந்து சேர்ந்தன. சேலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் விசிலை ஊதிப் பார்த்தாள். கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன.

"தொண்ட மிச்சம்ல தொரை," என்றாள் சந்தோஷமாக. "இத்தன வருசம் இது தெரியாமக் கத்திச் செத்துருக்கேன்."

மரங்களின் சுற்றளவை எடுக்கும் பயிற்சி முதலில் நடந்தது. உலகம் முழுக்க மரத்தை மனிதனின் நெஞ்சு உயரத்தில் அளப்பது வழக்கம். யாருடைய நெஞ்சு என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, இயக்குநரின் சட்டைப் பைக்கு நேராக அளக்க வேண்டும் என்று மையம் சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் அவர் போய் நின்றார். அடுத்த முறை அவர் பை இல்லாத ஜிப்பாவில் வந்தார். அன்றைக்கு அளவு எடுக்கவில்லை.

பிறகு பலகை. "பலகை இல்லாத இடம் வனம் ஆகாது. அதுவரை அது வெறும் மரங்கள்," என்றார் இயக்குநர். பலகைக்குக் கால் வேண்டும். கால் அந்த வனத்தின் சொந்த மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கரைக்குக் கீழே நின்ற பூவரசுகள் போயின. கரை மரம் இல்லை என்பதால் ஊரில் பெரிதாக யாரும் பேசவில்லை. 'நல்லாங்குடி மாதிரி வனம். மரம் வெட்டாதீர்' என்ற பலகை, வெட்டிய பூவரசுக் கால்களில் ஏறி நின்றது. ஈரம் காயாததால் ஒரு காலில் துளிர் விட்டது. விதிப்படி பலகைக் கால் துளிர்க்கக் கூடாது என்று அதைக் கிள்ளிப் போடும் பொறுப்பைப் பாண்டித்துரைக்குக் கொடுத்தார்கள். அவன் வாரம் தவறாமல் கிள்ளினான்.

பிறகு ஆய்வுக் குழுவின் கார் திரும்ப இடம் வேண்டும் என்று தபால்காரன் புளி போனது. அது விழுந்த மறுநாள் பாண்டித்துரை டீக்கடைக்குப் போனான். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"வாங்க வனத்துறை," என்றார் ஒருவர். "எங்க வீட்டு முருங்கைய எப்ப எடுக்கப் போறீக?"

சிரிப்பு எழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில், வழங்கல் செய்முறைத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. கேட்பவர் கேட்ட கட்டையை மாதிரி வனத்திலிருந்து எடுத்து வழங்கிக் காட்ட வேண்டும். யார் கேட்பது என்று பர்வேஸ் கேட்டான். நாமேதான் என்றார் இயக்குநர். எந்த மரம் என்று ஜெப்சி கேட்டாள். தெற்குக் கரைப் பெரிய மருது என்றார்.

பாண்டித்துரை அந்த வாரம் முழுவதும் தயாரானான். சொல்ல வேண்டியதை எழுதி, மனப்பாடம் செய்து, ஜெப்சியிடம் ஒப்பித்துப் பார்த்தான். "சார், அந்த மருதுதான் தெற்குக் கரையப் பிடிச்சிருக்கு. அதோட வேர் போச்சுன்னா கரை போயிரும். கரை போச்சுன்னா உப்புத் தண்ணி உள்ள வந்துரும். ஐப்பசி வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு சார்." திக்காமல் சொல்லி முடித்தான்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"கேட்டீர்களா? ஒரு மாணவன் கேட்க வேண்டிய கேள்வி இது. வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது என்கிறார். எப்படித் தெரியும் தம்பி? பார்த்தீர்களா?"

"வேர் மண்ணுக்குள்ள இருக்கு சார்."

"அப்படியானால் ஆய்வு இல்லாத கூற்று. வேரை வெளியே எடுத்துப் பார்த்தால்தானே அது எதைப் பிடித்திருந்தது என்று தெரியும்? அடிமரம் வரை வெட்டுவதாக இருந்தேன். உங்களால் வேரோடு எடுக்கப் போகிறோம்."

பாண்டித்துரை விடவில்லை. எழுதி வராததையும் சொன்னான். "சார், கரை மரத்துல இரும்பு படக்கூடாது. அது ஊர்க்கட்டு. கோடாலி, ரம்பம் எதுவும் ஆகாது சார். ஊர்ல பிரச்சினை ஆயிரும்."

ஜெப்சி அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஜெயித்துவிட்டான் என்றுதான் அவளும் நினைத்தாள்.

"மக்களின் நம்பிக்கையை மதிக்காத வனவியல் எனக்கு வேண்டாம்," என்றார் இயக்குநர் மெதுவாக. "இரும்பு படாது. ஒரு ஆணிகூடப் படாது. கயிறு கட்டி இழுத்துவிடலாம்."

கயிறு வழங்கும் பயிற்சியை ஜெப்சிக்குக் கொடுத்தார்கள். அவளுக்கும் மதிப்பெண் வேண்டுமே. அப்பாவின் படகிலிருந்து மடிவலை இழுக்கிற தடித்த நைலான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"திமிங்கலத்தக்கூட இழுத்துரும்னு எங்கப்பா பீத்திக்குவாரு," என்றாள் பாண்டித்துரையிடம். முகம் பார்க்கவில்லை. "மரத்த இழுக்கப் போறோம்னு சொல்லல தொரை. கேட்டா திட்டுவாரு."

இழுக்கிற அன்று மாலை ஊரே கரைக்குக் கீழே நின்றது. உப்பளத்துப் பக்கம் ஒரு மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. இரும்பு அவ்வளவும் கரைக்கு வெளியே. மரத்தைத் தொட்டது கயிறு மட்டும். ஊர்க்கட்டுப்படி எதுவும் தப்பில்லை என்பதால் என்ன சொல்லித் தடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பெரியவர்கள் அருகில் போய், மரத்தில் நிஜமாகவே இரும்பு படவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய்த் திரும்பினார்கள். முருகலட்சுமி விசிலை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒதுக்கினாள்.

கயிறு விறைத்தது. மருது முதலில் அசையவில்லை. பிறகு இலையெல்லாம் ஒரே நேரத்தில் நடுங்கின. காற்று இல்லாமல் ஒரு மரம் அப்படி நடுங்குவதைப் பாண்டித்துரை அதுவரை பார்த்ததில்லை. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரம் முறிகிற சத்தம் இல்லை. மண்ணுக்குள் எதையோ ஒவ்வொன்றாக அறுப்பதுபோன்ற சத்தம். மரம் சாயச் சாய, கரை எழுந்தது. ஒரு வீட்டுக் கூரை அளவுக்கு வேரும் மண்ணும் சேர்ந்து நிமிர்ந்து, உப்பளத்தின் மேல் புரண்டு விழுந்தது.

தூசி அடங்கியதும், கரையில் அதுவரை இல்லாத ஒரு வாசல் இருந்தது. அதன் வழியே உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது. பள்ளத்தின் இரு பக்கமும் கரை நெடுக விரிசல் ஓடியிருந்தது.

இயக்குநர் பள்ளத்தில் இறங்கி நின்று பேசினார். "நண்பர்களே, பாண்டித்துரையின் கருதுகோள் நிரூபிக்கப்பட்டது. வேர்தான் கரையைப் பிடித்திருந்தது."

மாணவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பாண்டித்துரைக்கு அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண்.

ஊர்க்காரர்கள் மறுநாளே மண்வெட்டியோடு வந்தார்கள். மரம்தான் இல்லையே, இனி இரும்பு எதில் படப்போகிறது. ஆனால் அதற்குள் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'வேர் ஆய்வுக்கூடம். குழுவின் பார்வைக்குப் பின்னரே மூடப்படும்' என்று தட்டி வைத்திருந்தார்கள். கீழே 'மாணவக் கண்காணிப்பாளர்' என்று போட்டுப் பாண்டித்துரையின் கையெழுத்து. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவன் படித்துப் பார்த்துத்தான் போட்டிருந்தான். 'பார்வைக்குப் பின்னரே' என்பதில் 'ஏ' தேவையா என்றுகூட யோசித்தான்.

"தட்டியத் தாண்டுனா கேஸாம்ல?" என்றார் டீக்கடைக்காரர். "ஒன் பேரப் பாத்துட்டுத்தான் தொரை நிக்கிறோம். நம்ம பய போட்டது, ஒரு அர்த்தம் இருக்கும்னு."

அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கத்தான் அக்டோபர் பதினைந்தாம் தேதி பாண்டித்துரை மண்டபத்துக்குப் போனான். மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. மில்லில் இருக்கும்போதே ஜெப்சி போன் செய்திருந்தாள். "நாளைக்குக் கடலுக்குப் போக எந்தப் போட்டுக்கும் டோக்கன் இல்லைன்னுட்டாங்க தொரை. காத்து திரும்பிருச்சு. எங்கப்பா கயிறெல்லாம் இறுக்கிக் கட்டுறாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒங்க ஊரு குழி மூடியாச்சா?" என்றாள். அவன் பில் புத்தகத்தை மூடிவிட்டுப் பஸ் ஏறினான்.

இயக்குநர் வெல்வெட் சோபாவில் உட்கார்ந்து, குழுவுக்குப் போட வேண்டிய சால்வைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு மழைங்கிறாங்க. இன்னிக்கே குழிய மூடிரலாம் சார். குழுவுக்குப் போட்டோ காட்டிக்கலாம்."

"போட்டோவா?" இயக்குநருக்கு வலித்தது. "தம்பி, வனத்தைப் போட்டோவில் காட்டலாம். எத்தனையோ இடத்தில் அப்படித்தான் காட்டியிருக்கிறேன். மரம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்த மாதிரி ஒரு குழி! கரையோடு சேர்ந்து பெயர்ந்த குழி! இருபது வருட வனப்பணியில் நான் பார்த்ததில்லை. இதை நேரில்தான் காட்ட வேண்டும்."

"மழை பெஞ்சா உப்புத் தண்ணி உள்ள எறங்கிரும் சார். ஒரு வருசத்துக்கு ஊருக்குத் தண்ணி இருக்காது."

"இறங்கட்டுமே. மண் அரிப்பு நமக்கு இரண்டாம் பருவத்தில் இருக்கிறது. பாடம் தானாக வருகிறது, தடுக்கலாமா? தண்ணீருக்கு லாரி வரும். மரத்தை வழங்குகிறோம், தண்ணீரையும் வழங்குவார்கள். வழங்கல் நடக்கிற வரை நாடு நடக்கும்."

"நாங்க மூடிட்டா?"

இயக்குநர் சால்வையை மடித்து வைத்தார். குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்குப் புத்தி சொல்கிற தகப்பன் குரல்.

"மூடிவிட்டால் என்ன இருக்கும் தம்பி? புறம்போக்கு நிலத்தில் நின்ற பூவரசு, புளி, மருது எல்லாம் இல்லாமல் போயிருக்கும். குழி இருந்தால் அது ஆய்வு. குழி இல்லாவிட்டால் அது மரத் திருட்டு. கண்காணிப்பாளர் நீங்கள். மையம் உங்களைத்தான் நம்பியிருக்கிறது." தோளைத் தட்டினார். "நாளை பத்து மணிக்கு. வில்லையை மறக்காதீர்கள்."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கொண்டல் காற்று முகத்தில் அடித்தது. கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்து, அடியில் அவ்வப்போது வெளிச்சம் துடித்தது. பாண்டித்துரை வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனான். விரிசல், தொட்டில் வேம்பின் அடி வரை வந்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் காக்கிச் சட்டையோடு முருகலட்சுமி குந்தியிருந்தாள். ஓரத்து மண் சிறுசிறு கட்டியாகத் தானே உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே சொன்னான் ஒங்க டைரக்டரு?"

சொன்னான். மரத் திருட்டு என்ற வார்த்தை வரும்போது மட்டும் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"அப்ப மூடுனா ஒன்னய உள்ள வப்பான்."

"வைக்கலாம் மதினி."

"மூடலன்னா?"

அவன் உப்பளத்தைப் பார்த்தான். அவள் கேட்டது கேள்வி இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் மதினி. நான் நெனைக்கிறது சரிதானான்னு..."

"நீ சரியா தப்பான்னு பாத்து முடிக்கிறதுக்குள்ள கார்த்திகை வந்துரும்," என்றாள் முருகலட்சுமி. எழுந்து தொப்பியைச் சரிசெய்தாள். "ஊர்ல நான் சொல்லுதேன். நீ சொன்னா வர யோசிப்பாங்க. நான் கத்துனா வருவாங்க."

"ஒனக்கும் சம்பளம் போயிரும்."

"ஏலே, நான் டூட்டியெல்லாம் தப்ப மாட்டேன். தட்டியத் தாண்டுனா விசில் ஊதணும்னு சொல்லிருக்கான். ஊதுவேன். நாளைக்குப் பூராவும் ஊதுவேன்." சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "ஊதிக்கிட்டே மண்ணும் சுமப்பேன்."

முதல் தூறல் பள்ளத்துக்குள் விழுந்தது. அவள் ஊருக்குள் போனாள். சற்று நேரத்தில் அவள் தொண்டை கேட்டது. விசில் இல்லை, தொண்டைதான்.

பாண்டித்துரை வீட்டுக்கு வந்து, மில் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டு, உட்கார்ந்து எழுதினான்.

அக்டோபர் 15, புதன். கொண்டல் அடிக்கிறது. தூறல். விரிசல் வேம்பு வரை வந்துவிட்டது.

நாளை: விடியும் முன் குழியில் மண் போட வேண்டும். மரத்தூள் சாக்குகளைக் காலி செய்து எடுத்துக்கொள்ள மில்லில் சம்மதம் வாங்கியாயிற்று. மண்ணுக்குக் கண்மாய்க் களி, மணல் நிற்காது. முதலில் வேம்புப் பக்கத்து விரிசல், அப்புறம் நடுப்பள்ளம். ஆய்வுக் குழு பத்து மணிக்கு வருகிறது. அதற்குள் முடியாது. அவர்கள் வந்து நின்ற பிறகும் நிறுத்தாமல் போட வேண்டும்.